கோவிலுக்கும் வகுப்புக்கும் லேப்டாப் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மொரீஷியஸ் தமிழ்க் கோவில்களின் நிர்வாகக் குழுக்களுக்கும், மாலை வகுப்பும் சனிக்கிழமை வகுப்பும் நடத்தும் தமிழ்ச் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். தைப்பூசக் காவடி நெருங்கும்போது பல கோவில்களில் புது லேப்டாப் வாங்கும் பேச்சு எழுகிறது. ஜனவரியில் பள்ளி திறப்பதால் சங்கங்களும் அதே சமயத்தில் வகுப்புக்கென்று வாங்குகின்றன. உபயதாரர் ஒருவர் பணம் தருகிறார், குழுவில் ஒருவர் கடையில் விசாரிக்கிறார், அடுத்த கூட்டத்தில் முடிவாகிவிடுகிறது. அந்தக் கூட்டத்தில் விலையைப் பற்றிப் பேசுகிறோம், திரை எத்தனை அங்குலம் என்று பேசுகிறோம், எவ்வளவு கனம் என்றுகூடக் கேட்கிறோம். ஓரத்தில் எத்தனை போர்ட், அதாவது கேபிள் செருகும் துளை, இருக்கிறது, ஒவ்வொன்றும் என்ன வேலை செய்யும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இனிமேல் அதை முதலில் கேளுங்கள் என்று வேண்டிக்கொள்ளத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் தொடக்கப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். சனிக்கிழமைகளில் சங்க வகுப்பு. கோவிலில் திருவிழா நேரலையைப் பார்த்துக்கொள்ளும் சிலரில் நானும் ஒருத்தி. வாங்கி வந்த லேப்டாப்பை மேசையில் வைத்துவிட்டு நீங்கள் போன பிறகு, கேபிளைக் கையில் பிடித்துக்கொண்டு இதை எங்கே செருகுவது என்று தேடுகிறவர்கள் நாங்கள்தான்.

காவடி நாளை எடுத்துக்கொள்வோம். ஆற்றங்கரையிலிருந்து காவடிகளும் பால்குடங்களும் கிளம்பி, கோடை வெயிலில் வெறுங்காலோடு நடந்து வாசலுக்கு வரும்போது, மண்டபத் தூணோரம் ஒரு சின்ன மேசையில் நேரலை ஓடிக்கொண்டிருக்கும். இங்கே காலை 9 மணி என்றால் பாரிஸில் காலை 6, மெல்பர்னில் மாலை 4. பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் போன பிள்ளைகள் அங்கிருந்தெல்லாம் பார்க்கிறார்கள். பத்து நாள் விரதமிருந்து காவடி எடுக்கும் தம்பியின் முகம் ஒரு நிமிடமாவது திரையில் தெரியாதா என்று காத்திருக்கிறார்கள்.

அந்த மேசையில் இருக்கும் லேப்டாப்பில் என்னென்ன செருக வேண்டும்? கேமராவிலிருந்து படத்தைக் கொண்டுவரும் ஹெச்டிஎம்ஐ கேபிள், அதை லேப்டாப் படிக்கும்படி மாற்றிக் கொடுக்கும் ஒரு கேப்ச்சர் கார்டுக்குள் போய், அங்கிருந்து யூஎஸ்பியாக லேப்டாப்புக்கு வருகிறது. பூசாரி ஐயாவின் மந்திரமும் நாதஸ்வரமும் பஜனைப் பாட்டும் சேரும் ஒலி மிக்ஸருக்கு இன்னொரு யூஎஸ்பி. இணையத்துக்குக் கேபிள் கட்டாயம் வேண்டும். அத்தனை கூட்டமும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே செல்போன் டவரை நம்பி நிற்கும்போது மொபைல் டேட்டா திணறிவிடும். பதிவு எடுத்துவைக்க ஒரு ஹார்ட் டிஸ்க். பந்தலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்காக வைத்த டிவிக்கு ஒரு ஹெச்டிஎம்ஐ. மவுஸின் ரிசீவர். காலையில் தொடங்கி மதியம் தாண்டியும் ஓட வேண்டும் என்பதால் சார்ஜர். ஆக ஏழு இணைப்பு. லேப்டாப்பில் இருப்பதோ இரண்டு டைப்-சி போர்ட் (இப்போதைய போன்களில் சார்ஜ் ஏற்றும் நீள்வட்டத் துளை), ஒரு ஹெட்போன் துளை.

அதனால் ஒரு ஹப், அதாவது ஒரு போர்ட்டைப் பல போர்ட்டுகளாகப் பிரித்துத் தரும் சின்னப் பெட்டி, வாங்கினோம். எல்லாமே அதன் வழியாகத்தான் போயின. ஒரு காவடியன்று பால்குடங்கள் வாசலைத் தொடும் நேரத்தில், போனில் சார்ஜ் தீர்ந்துபோன தொண்டர் தம்பி ஒருவர், லேப்டாப்பில்தான் பேட்டரி நிறைய இருக்கிறதே என்று நினைத்து, ஹப்பில் செருகியிருந்த சார்ஜரைக் கழற்றினார். திரை கறுத்துவிட்டது. கேமரா போயிற்று, ஒலி போயிற்று, இணையமும் போயிற்று. எல்லாம் மறுபடி எழுந்து நிற்பதற்குள் முதல் வரிசைக் காவடிகள் உள்ளே போய்விட்டன. மகன் உள்ளே நுழைவதைப் பார்க்க வெளிநாட்டில் விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்திருந்த ஒரு தாய்க்கு அந்தக் காட்சி கிடைக்கவில்லை. மறுநாள் அவர் போனில் அழுததைக் கேட்டவள் நான்.

அந்தத் தம்பியின் மேல் ஒரு குற்றமும் இல்லை. டைப்-சியில் மின்சாரம் வரும் விதமே அப்படி. சார்ஜர், ஹப், லேப்டாப் மூன்றும் தங்களுக்குள் பேசி, யார் யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்று முடிவு செய்துகொள்கின்றன. சார்ஜரைக் கழற்றினால் அந்தப் பேச்சு முதலிலிருந்து தொடங்கும். பல ஹப்களில் அந்த ஓரிரு வினாடிக்குள் செருகியிருக்கும் அத்தனையும் அறுந்து மறுபடி இணைகின்றன. பென் டிரைவ் என்றால் கவலையில்லை. ஓடிக்கொண்டிருக்கும் நேரலைக்கு அது மரணம்.

போர்ட்டுகள் ஏன் இப்படிக் குறைந்தன என்று கேட்டால், முதல் காரணம் தடிமன். 1996இல் வந்த பழைய யூஎஸ்பி-ஏ முனை (பென் டிரைவில் நாம் பார்க்கும் தட்டையான முனை) 12 மில்லிமீட்டர் அகலமும் நாலரை மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. அதைச் சுற்றி உலோகக் கூடும் வேண்டும். லேப்டாப்பின் ஓரம் கத்தி முனைபோல மெலிந்தபோது அதற்கு இடமில்லாமல் போயிற்று. இணையக் கேபிளின் தலை அதைவிடத் தடித்தது; அதுதான் முதலில் வெளியேறியது. 2014இல் டைப்-சி தரம் வெளியானது. 2015இல் ஆப்பிள் தன் 12 அங்குல மேக்புக்கில் ஒரே ஒரு டைப்-சி போர்ட்டையும் ஹெட்போன் துளையையும் மட்டும் வைத்தது. அடுத்த ஆண்டே மேக்புக் ப்ரோவிலிருந்து ஹெச்டிஎம்ஐ, பழைய யூஎஸ்பி, எஸ்டி கார்டு துளை எல்லாம் போயின. மற்ற நிறுவனங்களும் மெல்லிய ரகங்களில் அதே பாதையில் நடந்தன.

ஆனால் 2021இல் அதே ஆப்பிள் 14, 16 அங்குல மேக்புக் ப்ரோவில் ஹெச்டிஎம்ஐயையும் எஸ்டி கார்டு துளையையும் தனிச் சார்ஜர் இணைப்பையும் திரும்பக் கொண்டுவந்தது. அதே 2021இல் ஃப்ரேம்வொர்க் என்ற புது நிறுவனம், வேண்டிய போர்ட்டை நாமே மாற்றிச் செருகிக்கொள்ளும் லேப்டாப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆகவே போர்ட் குறைவது இயற்கையின் விதியன்று. வாங்குகிறவர்கள் கேட்டால் திரும்பவும் வைக்கிறார்கள். நம் தீவின் குரல் அந்த நிறுவனங்களின் காதுக்கு நேராக எட்டாமல் போகலாம். உள்ளூர்க் கடைக்காரரின் காதுக்கு எட்டும். அவர் எந்த ரகத்தை இறக்குமதி செய்கிறார் என்பது நாம் எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

டைப்-சியைக் குறை சொல்ல நான் வரவில்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் உள்ளே போகிறது. 24 ஊசிகள், பத்தாயிரம் தடவை செருகிக் கழற்றினாலும் தாங்க வேண்டும் என்று வகுத்த தரம். ஒரே கம்பியில் மின்சாரம், படம், தரவு மூன்றும் வருகின்றன. புயல் காலத்தில் அதன் அருமை தெரியும். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்து போர்ட் லூயி தெருக்களில் வெள்ளம் ஓடியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படி ஒரு நாளில் மின்சாரம் போய்விட்டால், ஒரு நல்ல பவர் பேங்கிலிருந்து போனுக்கும் லேப்டாப்புக்கும் ஒரே கேபிளால் உயிர் கொடுக்க முடிவது பெரிய காரியம். டைப்-சி இருக்கட்டும். இரண்டே இரண்டு இருப்பதும், அந்த இரண்டில் ஒன்றை எப்போதும் சார்ஜர் பிடித்துக்கொள்வதும்தான் துன்பம்.

இன்னொரு சங்கடம், கடையில் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதது. எல்லா டைப்-சி போர்ட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆனால் ஒன்று சார்ஜ் ஏற்கும், மற்றொன்று ஏற்காது. ஒன்றிலிருந்து டிவிக்குப் படம் போகும், மற்றொன்றிலிருந்து போகாது. ஒன்றின் வேகம் வினாடிக்கு 480 மெகாபிட், பக்கத்தில் இருப்பதன் வேகம் 40 ஜிகாபிட். சில லேப்டாப்களில் போர்ட்டுக்குப் பக்கத்தில் மின்னல் குறியோ, பேட்டரிக் குறியோ, டிஸ்ப்ளேபோர்ட்டின் குறியோ பொடியாக அச்சிட்டிருப்பார்கள். பலவற்றில் அதுவும் கிடையாது. எங்கள் வகுப்புக்கு வந்த ஒரு லேப்டாப்பில் இரண்டு டைப்-சி உண்டு, இரண்டிலிருந்தும் படம் வெளியே போகாது. ஹெச்டிஎம்ஐ அடாப்டர் பழுது என்று நினைத்து இன்னொன்று வாங்கினார்கள், பிறகு வேறு நிறுவனத்தின் அடாப்டர் ஒன்று. மூன்றுமே நல்ல அடாப்டர்கள்தான். போர்ட்டுக்கே அந்தத் திறமை இல்லை.

கேபிளும் அப்படித்தான். போனோடு வரும் டைப்-சி கேபிள்களில் பல சார்ஜுக்கும் யூஎஸ்பி 2.0 என்ற பழைய, மெதுவான வேகத்துக்கும் மட்டுமே செய்யப்பட்டவை. அவற்றை மானிட்டரில் மாட்டினால் ஒன்றும் தெரியாது. வீட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த கேபிளை நம்பித் திருவிழா நடத்தக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

‘போர்ட் குறைந்தால் என்ன, ஒரு ஹப் வாங்கிக்கொண்டால் போயிற்று’ என்று கூட்டத்தில் சொல்வார்கள். ஹப் புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை. ஒரு போர்ட்டில் வருவதைப் பங்கு போடுகிறது. ஒரு குழாயில் வரும் தண்ணீரை ஏழு குடத்துக்குப் பிரித்துப் பிடிப்பதுதான் நடக்கிறது. டைப்-சியில் அதிவேகத் தரவுக்கென்று நான்கு தடங்கள் உள்ளன. ஹப்பில் டிவியை மாட்டினால் இரண்டு தடம் படத்துக்குப் போகும், இரண்டு யூஎஸ்பிக்கு மிஞ்சும். சில ஹப்கள் 4கே என்ற மிகத் துல்லியமான படத்தை வினாடிக்கு 60 பிரேமில் காட்ட வேண்டும் என்பதற்காக நான்கையுமே படத்துக்குக் கொடுத்துவிடுகின்றன. அப்போது யூஎஸ்பிக்கு எஞ்சுவது பழைய யூஎஸ்பி 2.0 கம்பிகள்தான், 480 மெகாபிட். 1080பி என்ற முழு ஹெச்டி படத்தை 60 பிரேமில் சுருக்காமல் அனுப்பும் கேப்ச்சர் கார்டுக்கு மட்டுமே சுமார் 2 ஜிகாபிட் வேண்டும். பெட்டியின் மேல் ‘4கே 60’ என்று பெருமையாகப் போட்டிருக்கும் ஹப், நம் வேலைக்குச் சில சமயம் மோசமான ஹப்பாகிவிடுவது இதனால்தான்.

மின்சாரத்திலும் அதே பங்குதான். பழைய யூஎஸ்பி 3.0 போர்ட் ஒன்று ஒரு கருவிக்கு 900 மில்லிஆம்பியர் வரை கொடுக்கும்படி வகுக்கப்பட்டது. தனிப் போர்ட்டில் நிம்மதியாக ஓடும் ஹார்ட் டிஸ்க், கேப்ச்சர் கார்டும் இணைய அடாப்டரும் தொங்கும் ஹப்பில் மாட்டினால், சுழலத் தொடங்கும்போதே டிக் டிக் என்று சத்தம் போட்டு நின்றுவிடும். சார்ஜரை ஹப் வழியாகக் கொடுத்தால், ஹப் தன் செலவுக்கென்று பத்துப் பதினைந்து வாட்டை ஒதுக்கிக்கொள்ளும். 65 வாட் சார்ஜரிலிருந்து லேப்டாப்புக்குக் கிடைப்பது ஐம்பது சொச்சம். நேரலை ஓட்டும் லேப்டாப் முழு மூச்சில் வேலை செய்கிறது. சார்ஜர் மாட்டியிருக்கும்போதே பேட்டரி சதவீதம் இறங்குவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஜனவரி வெயிலில் அந்தச் சின்ன அலுமினியப் பெட்டியைத் தொட்டால் கை சுடும்.

மவுஸ் திடீர் திடீரென்று நின்று குதிப்பதற்கும் ஹப்பே காரணமாக இருக்கலாம். யூஎஸ்பி 3.0 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்புகிறது என்று இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. வயர்லெஸ் மவுஸும், மலிவான வயர்லெஸ் மைக்குகள் பலவும் அதே அலைவரிசையில்தான் வேலை செய்கின்றன. ரிசீவரை ஹப்பில், ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்திலேயே செருகினால் இரண்டும் முட்டிக்கொள்ளும். ஒரு முழ நீள யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிளில் ரிசீவரைத் தள்ளி வைத்தால் சரியாகிவிடும்.

ஏற்கெனவே இரண்டு போர்ட் லேப்டாப்பை வாங்கிவிட்ட கோவில்கள் பல. அதைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. லேப்டாப்புக்குள் வர வேண்டிய இணைப்புகளைக் குறைக்கலாம். பந்தல் டிவிக்குப் படத்தை லேப்டாப்பிலிருந்து ஏன் கொடுக்க வேண்டும்? கேமராவின் ஹெச்டிஎம்ஐயில் ஒரு ஸ்ப்ளிட்டர் மாட்டினால், ஒரு கிளை டிவிக்கும் மற்றொன்று கேப்ச்சர் கார்டுக்கும் போய்விடும். பந்தலில் இருப்பவர்களுக்குப் படமும் தாமதமின்றி வரும். பதிவைக் கேமராவின் கார்டிலேயே எடுத்துக்கொண்டு, இரவில் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றலாம். மவுஸ் புளூடூத்தாக இருக்கட்டும். மிச்சம் நான்கு. அவற்றில் கேப்ச்சர் கார்டுக்கு ஒரு டைப்-சி போர்ட்டை நேரடியாகக் கொடுங்கள்; அதற்கும் லேப்டாப்புக்கும் நடுவில் எதுவும் வேண்டாம். மற்றதில் ஹப்: அதில் மிக்ஸர், இணையக் கேபிள், சார்ஜர். சார்ஜர் முனையை டேப் போட்டு ஒட்டி, கழற்றக் கூடாது என்று கிரியோலிலும் தமிழிலும் எழுதி வையுங்கள். தொண்டர்களின் போனுக்குத் தனியாக ஒரு பவர் ஸ்ட்ரிப் மேசைக்குக் கீழே இருக்கட்டும். எங்கள் கோவிலில் இப்படி மாற்றிய பிறகு நேரலை அறுந்ததில்லை.

ஆனால் இந்த ஏற்பாட்டை நினைவில் வைத்திருப்பவர் அன்று காய்ச்சலில் படுத்துவிட்டால்? சரியான லேப்டாப் என்றால், புதிதாக வந்த தொண்டர்கூட எந்தக் கேபிள் எந்தத் துளைக்கு என்று வடிவத்தைப் பார்த்தே செருகிவிடுவார்.

வகுப்புக்கு வருவோம். வகுப்பில் இணைப்புகள் குறைவு, ஆனால் இழப்பு அதிகம். நம் பிள்ளைகளில் பலர் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் படிக்கிறார்கள். தமிழ் அவர்கள் காதில் தொடர்ந்து விழுவது சனிக்கிழமை வகுப்பில்தான். அந்த ஒரு மணி நேரத்தில் கால் மணியை அடாப்டர் தேடுவதில் கரைப்பது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று எண்ணிப் பாருங்கள்.

சங்கங்களில் இருக்கும் ப்ரொஜெக்டர்கள் பலவும் யாரோ நன்கொடையாகக் கொடுத்த பழையவை. அவற்றில் நீல நிற, பதினைந்து ஊசி விஜிஏ இணைப்புதான் உண்டு. அது 1987இல் வந்த தரம். 2015க்குள் அதை விட்டுவிடுவோம் என்று இன்டெல்லும் ஏஎம்டியும் லேப்டாப் நிறுவனங்களும் 2010இலேயே அறிவித்துவிட்டன. ப்ரொஜெக்டரின் விளக்கு இன்னும் எரிகிறது, அதைத் தூக்கிப் போட மனம் வருமா? டைப்-சியிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் அடாப்டர் கிடைக்கும். ஆனால் விஜிஏ கேபிளில் ஒலி வராது. சுவர் முழுக்கப் படம் ஓடும், பாட்டு மட்டும் லேப்டாப்பின் குட்டி ஸ்பீக்கரிலிருந்து ஈனஸ்வரத்தில் கேட்கும். பின்வரிசைப் பிள்ளைகளுக்கு ழகரமும் லகரமும் ளகரமும் ஒன்றாகவே விழும். ஹெட்போன் துளையிலிருந்து ஸ்பீக்கருக்குத் தனியாக ஒரு கம்பி இழுத்தால் சரியாகும். அதனால்தான் அந்தத் துளையும் இல்லாத லேப்டாப்பை வாங்கிவிடாதீர்கள் என்கிறேன்.

பென் டிரைவும் இருக்கிறது. பேச்சுப் போட்டிக்குப் பிள்ளை பேசிய பதிவைப் பெற்றோர் பென் டிரைவில் கொண்டுவருகிறார்கள். கலை நிகழ்ச்சிக்குப் பாட்டும் அதில்தான் வருகிறது. எல்லாம் பழைய யூஎஸ்பி-ஏ முனை. அச்சு இயந்திரத்தின் கேபிளும் அதே. இதற்கெல்லாம் கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு மாற்றி வேண்டியிருக்கிறது. அது ஓர் ஆசிரியரின் கைப்பையிலிருந்து இன்னொருவரின் கைப்பைக்குப் போய், மூன்றாவது வாரம் காணாமல் போய்விடும். மறுபடி வாங்குவது யார்? நான் அறிந்தவரை ஆசிரியர்கள் தங்கள் சொந்தக் காசில்தான் வாங்குகிறார்கள். அதற்கு யாரும் ரசீது கேட்டதும் இல்லை, கொடுத்ததும் இல்லை.

நாம் இருப்பது தீவு. பெரிய நாடுகளில் இன்று சொன்னால் நாளை வீட்டு வாசலுக்கு வரும் பொருள், நமக்குக் கப்பலிலோ விமானத்திலோ வர வேண்டும். ரோஸ் ஹில்லில் ஒரு கடையில் இருப்பது போர்ட் லூயியில் இருக்காது. அப்படி வந்தது நம் லேப்டாப்போடு ஒத்துப்போகாவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு பொருளின் விலையைத் தொட்டுவிடும். போதாக்குறைக்கு நம் சுவர்களில் பிரிட்டிஷ் மூன்று முனை பிளக்கும் பிரெஞ்சு வட்ட முனை பிளக்கும் கலந்தே இருக்கின்றன; தனிச் சார்ஜரோடு வரும் டாக் என்ற பெரிய ஹப் வாங்கினால் அதற்கும் ஒரு மாற்றி. அடாப்டர் என்பது நமக்கு மற்றவர்களைவிட அதிகச் செலவு, அதிகக் காத்திருப்பு.

சுமார் இருநூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ரீயூனியன் தீவு, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு உட்பட்டது. அங்கே 2024 டிசம்பர் 28 முதல் புதிதாகச் சந்தைக்கு வரும் போன்களும் டேப்லெட்களும் டைப்-சியில் சார்ஜ் ஆக வேண்டும். லேப்டாப்களுக்கு அந்த விதி 2026 ஏப்ரல் 28 முதல். சார்ஜரைப் பொதுவாக்கும் நல்ல விதி. ஆனால் சார்ஜ் ஏறும் போர்ட் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று சொல்லும் அந்த விதி, மொத்தம் எத்தனை போர்ட் வேண்டும் என்று சொல்லவில்லை. உருளை முனைச் சார்ஜருக்கென்று தனித் துளை வைத்திருந்த ரகங்களில் அது போய், இருக்கிற டைப்-சியில் ஒன்றைச் சார்ஜர் எடுத்துக்கொள்வதுதான் நடக்கும். நிறுவனங்கள் பெரிய சந்தைக்குச் செய்யும் ரகங்கள்தான் நம் கடைக்கும் வந்து சேருகின்றன. எனவே வரும் ஆண்டுகளில் வாங்கும்போது, சார்ஜர் செருகிய பிறகு எத்தனை மிஞ்சுகிறது என்று எண்ண வேண்டும்.

மெல்லியது, கனமில்லாதது, பார்க்க அழகானது என்று சொல்லி வாங்குகிறோம். கோவில் லேப்டாப் எங்கே போகிறது? அலமாரியிலிருந்து மண்டபத்துக்கு, மண்டபத்திலிருந்து அலமாரிக்கு. சங்க லேப்டாப் ஒரு வகுப்பறையிலிருந்து அடுத்த வகுப்பறைக்கு. ஐந்து மில்லிமீட்டர் தடித்திருந்தால் யாருக்கும் தோள் வலிக்காது. மெல்லிய லேப்டாப்போடு ஹப், மூன்று அடாப்டர், நீட்டிப்புக் கேபிள் எல்லாம் அடைத்த பையைச் சுமக்கிற ஆசிரியைக்குத்தான் தோள் வலிக்கிறது.

எல்லாம் வயர்லெஸ் ஆகிவிட்டதே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டு வரவேற்பறையில் அது உண்மை. தடித்த சுவர்களுக்குள் இருக்கும் கோவில் மண்டபத்தில், ஆயிரக்கணக்கான போன்கள் சூழ்ந்த நாளில், வயர்லெஸ்ஸில் அனுப்பும் படம் நின்று நின்று வரும். உதடு ஒரு பக்கம், ஒலி ஒரு பக்கம். அன்றைக்குக் கம்பிதான் கைகொடுக்கும்.

கடைக்காரரிடம் விலைப்புள்ளி கேட்கும் கடிதத்தில் இவற்றை எழுதுங்கள். முழு அளவு ஹெச்டிஎம்ஐ ஒன்று. பழைய யூஎஸ்பி-ஏ குறைந்தது இரண்டு. டைப்-சி இரண்டு, இரண்டிலும் சார்ஜ் ஏற வேண்டும், ஒன்றிலாவது படம் வெளியே போக வேண்டும், முடிந்தால் இரு பக்கமும் ஒவ்வொன்றாக இருக்க வேண்டும். ஒரே பக்கத்தில் நெருக்கி வைத்திருந்தால், ஹப்பின் பருத்த தலை பக்கத்துப் போர்ட்டையும் மூடிவிடும். ஹெட்போன் துளை. இணையக் கேபிளுக்குத் துளை. அது இல்லாவிட்டால் அதற்கான அடாப்டர் அதே பில்லில் சேர்ந்து வர வேண்டும். அலுவலகங்களுக்கென்று தயாராகும் சற்றுத் தடித்த ரகங்களில் இவையெல்லாம் இன்றும் இருக்கின்றன. அதே பணத்துக்குத் திரையின் பளபளப்பு கொஞ்சம் குறையலாம், குறையட்டும்.

பணம் கொடுப்பதற்கு முன்னால் கேமரா, கேப்ச்சர் கார்டு, மிக்ஸர் கேபிள், ஹார்ட் டிஸ்க், சார்ஜர் எல்லாவற்றையும் கடைக்கே எடுத்துப்போய், ஒரே நேரத்தில் செருகிக் கால் மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றாகச் செருகிப் பார்ப்பது போதாது. சேர்ந்து ஓடும்போதுதான் பழுது வெளியே வரும். ஓட்டிப் பார்க்க இடம் தராத கடையில் வாங்க வேண்டாம். வாங்கிய பிறகு அடாப்டர், கேபிள் ஒவ்வொன்றையும் கோவில் பொருள் பதிவேட்டில் ஏற்றுங்கள். விளக்கும் தாம்பாளமும் ஏறுகிற அதே பதிவேட்டில்தான். காணாமல் போனால் வாங்கித் தர வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு, ஆசிரியருடையதோ தொண்டருடையதோ அல்ல என்றும் தீர்மானம் எழுதிவிடுங்கள்.

வாங்கும் குழுவில், அந்த லேப்டாப்பைத் திருவிழாவன்று இயக்கப் போகிற ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் பதினெட்டு வயதுப் பிள்ளையாக இருந்தாலும் சரி, கூட்டத்தில் அவர் சொல்வதைக் கேளுங்கள். எந்தக் கோவில், எந்தச் சங்கம் கூப்பிட்டாலும், சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் கேபிள்களை எடுத்துக்கொண்டு கடைக்கு வர நானும் தயார். காவடிக் கொடியேற்றத்துக்கு ஒரு மாதம் முன்னதாகச் சொன்னால் நல்லது. பொருந்தாததை மாற்றிக் கேட்க அந்த அவகாசம் வேண்டும்.

இப்படிக்கு,
தமிழாசிரியை ஒருத்தி,
கத்ர் போர்ன், மொரீஷியஸ்